பெசாரீஸ்: நின்று படிக்க வேண்டிய நேரம்

சென்ற வாரம் உதினே நகரத்தோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய ஊர் பெசாரீஸ். இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய கார்னியா மலைப்பகுதியில் இருக்கிறது. தொல்மெட்சோவைத் தாண்டி, கொமெலியான்ஸ் அருகே இடப்பக்கம் பிரிந்தால் பெசாரினா பள்ளத்தாக்கு. இரு பக்கமும் காடு, கீழே ஓடை, நடுவில் நெருக்கியடித்த கல் வீடுகள். அவ்வளவுதான் ஊர்.

அந்தச் சந்துகளில்தான் பத்துக்கும் மேற்பட்ட பெரிய கடிகாரங்களை நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. ஒரு கடிகாரம் தண்ணீரில் ஓடுகிறது. சின்னச் சின்னத் தொட்டிகளில் நீர் நிரம்ப, அந்தக் கனத்தில் சக்கரம் நகர்கிறது. இன்னொன்று கோள்களின் நிலையைக் காட்டுகிறது. மணிகளால் இசைப்பது ஒன்று. கிழமையும் தேதியும் மாதமும் சொல்லும் ராட்சத நாட்காட்டி ஒன்று. சுவர்களில் சூரியக் கடிகாரங்கள். எதையும் போகிற போக்கில் பார்த்து மணி சொல்லிவிட முடியாது. முள் எங்கே, எண் எங்கே, எந்தப் பக்கமிருந்து படிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான்.

இவை வேடிக்கைக்காக வைத்த பொம்மைகள் அல்ல. சொலாரி குடும்பத்தின் கடிகாரத் தொழில் இங்கே 1725-இல் தொடங்கியது. விளைநிலம் குறைந்த மலை இது, பனிக்காலமோ நீளமானது. கார்னியாவின் ஆண்கள் முதுகில் மரப்பெட்டியைச் சுமந்து, ஆல்ப்ஸ் மலை தாண்டி ஜெர்மானிய ஊர்களில் வியாபாரம் செய்தவர்கள். ‘கிராமார்’ என்று அவர்களுக்குப் பெயர். கடிகார வித்தையும் அந்த வழியில்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஊர் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். எடைக்கல் இறங்க இறங்கப் பற்சக்கரம் சுழலும் பழைய சுவர்க் கடிகாரங்களையும், கோபுரங்களில் ஏற்றிய பெரும் இயந்திரங்களையும் அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். முற்காலக் கடிகாரங்களுக்கு மணி முள் ஒன்றுதான். நிமிடத்தின் தேவை அன்றைக்கு யாருக்கும் இல்லை.

அந்த நிமிடத்தை உலகத்துக்கே பெரிதாகக் காட்டியதும் இதே குடும்பம் என்பதுதான் வியப்பு. ரெமிஜியோ சொலாரியும் ஃபெர்மோ சொலாரியும் உதினேயில் தனி நிறுவனம் தொடங்கினார்கள். புரளும் தகடுகளில் எண் காட்டும் முறை அங்கே வளர்ந்தது. விமான நிலையங்களில் கடகடவென்று ஊர்ப் பெயர்கள் புரண்டு மாறிய கறுப்புப் பலகை நினைவிருக்கிறதா? அதேதான். ஒரு தகட்டின் முன்பக்கம் இப்போதைய எண்ணின் மேல்பாதி. பின்பக்கம் அடுத்த எண்ணின் கீழ்ப்பாதி. தகடு விழுந்ததும் புதிய எண் முழுசாகிவிடுகிறது. முள்ளும் வேண்டாம், படிக்கப் பழகவும் வேண்டாம்.

கட்டடக் கலைஞர் ஜீனோ வாலே இந்த நிறுவனத்துக்காக வடிவமைத்த ‘சிஃப்ரா 5’ கடிகாரத்துக்கு 1956-இல் இத்தாலியின் உயரிய வடிவமைப்பு விருதான கொம்பாசோ தோரோ கிடைத்தது. அவருடைய சிறிய மேசைக் கடிகாரம் ‘சிஃப்ரா 3’ நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே நகரில் 1962-இல் திறந்த டிடபிள்யூஏ விமான முனையத்திலும் சொலாரி பலகை இருந்தது. முனையம் இன்று ஓட்டலாகிவிட்டது, பலகையைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள்.

மற்ற இடங்களில் பெரும்பாலும் அந்தப் பலகைகளை எடுத்துவிட்டு மின்திரை மாட்டிவிட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. தகடுகள் புரளும் சத்தம் கேட்டால் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஏதோ மாறியிருக்கிறது என்று காது முதலில் சொல்லிவிடும். மின்திரை சத்தமில்லாமல் மாறுவதால், அதையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெயிலுள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். சூரியக் கடிகாரங்களை முதலில் பார்த்துவிட்டு, அருங்காட்சியகத்தைப் பிற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் மலை இருப்பதால் வெயில் சீக்கிரம் இறங்கிவிடும்.

அடுத்த வாரம், பக்கத்துப் பள்ளத்தாக்கில் இன்னமும் ஒரு பழைய ஜெர்மன் வட்டார மொழி பேசும் சவுரிஸ்.