ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு பிள்ளையார்

தலையைக் குனிந்து வாருங்கள், சிலந்தி வலை முகத்தில் ஒட்டும்! இது கலிஃபோர்னியா. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே லாஃபயெட் என்ற ஊரில் ஒரு குன்றுச் சரிவு. மேலே வீடு, சுற்றிலும் கள்ளிச்செடிகள். பாதையில் கொஞ்சம் நடந்தால் மரங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு கட்டடம். உள்ளே கணப்படுப்பு, தாங்கிகளில் தொங்கும் கண்ணாடிக் குடுவைகள், பாம்பாய் நெளியும் ரப்பர் குழாய்கள். ரேடியோவில் வயலின்கள் உருகுகின்றன. நம் ஊர்ப் பள்ளி வேதியியல் கூடம்கூட இதைவிடப் பளிச்சென்று இருக்கும். ஆனால் உலகில் அதுவரை எங்குமே இல்லாத மூலக்கூறுகள் இந்த அடுப்படியில்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன!

நான் அந்த வாசலை மிதித்ததில்லை. படங்களிலும் 2010-இல் வந்த ஓர் ஆவணப்படத்திலும் திரும்பத் திரும்பப் பார்த்தே ஒவ்வொரு மூலையும் எனக்கு மனப்பாடம். படத்தின் பெயர் 'டர்ட்டி பிக்சர்ஸ்'. மூலக்கூறின் வரைபடங்களை வீட்டுக்காரர் செல்லமாக அப்படித்தான் சொல்வார்: அசிங்கப் படங்கள்! அறுகோணத்தைப் பார்த்தாலே அவர் முகம் மலர்ந்துவிடும்.

அலெக்சாண்டர் ஷுல்கின் அவர் பெயர், நண்பர்களுக்கு சாஷா. டவ் கெமிக்கல் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது செக்ட்ரான் என்ற பூச்சிக்கொல்லியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நிறுவனம் மகிழ்ந்துபோய், பிடித்த ஆராய்ச்சியைச் செய்துகொள் என்று விட்டது. அவருக்குப் பிடித்ததோ மனத்தின் கதவைத் தட்டும் மூலக்கூறுகள். 1966-இல் வேலையை விட்டு, வீட்டுத் தோட்டத்துக்கே ஆய்வுக்கூடத்தைக் கொண்டுவந்துவிட்டார். திருட்டுத்தனமாக அல்ல. தடை செய்யப்பட்ட பொருள்களைக் கையாள அரசு உரிமம் வைத்திருந்தார்.

அவர் சீராட்டிய குடும்பத்தின் பெயர் பினெத்திலமைன். பெயர்தான் வாயில் நுழையாது, சொந்தக்காரர்களோ நமக்குள்ளேயே இருக்கிறார்கள். பயந்தால் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் இந்தக் குடும்பம். டோபமைனும் இந்தக் குடும்பம்தான். ஓர் அறுகோண வளையம், அதிலிருந்து வால்போல இரண்டு கார்பன், வால் நுனியில் ஒரு நைட்ரஜன். எலும்புக்கூடு அவ்வளவுதான். வளையத்தின் மூலைகளில் எதைத் தொங்கவிடுகிறோம் என்பதில்தான் வித்தையெல்லாம். 3, 4, 5 ஆகிய மூலைகளில் மீத்தாக்சி என்ற அணுக்கூட்டம் தொங்கினால் அது மெஸ்கலின், பெயோட்டி கள்ளியின் வீரியச் சத்து. ஜெர்மானியரான ஹெஃப்டர் 1897-இல் அதைப் பிரித்தெடுத்தார். ஷ்பேத் என்ற வேதியியலாளர் 1919-இல் கள்ளியே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் அதை உண்டாக்கினார்.

ஷுல்கின் அந்த மூலைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். அந்தத் தேடலில் பிறந்தவற்றில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயரைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். கணேஷா! ஆமாம், நம் பிள்ளையார்தான். எழுத்துக் கணக்கில் அது 'ஜி' வரிசை. பின்னாலேயே ஜி-3, ஜி-4, ஜி-5 என்று தம்பிகள் வந்தார்கள். கணேஷாவில் பக்கத்துப் பக்கத்து மூலைகளில் தனித்தனியாக நிற்கும் இரண்டு கார்பன்களை ஒரு பாலம் போட்டு இணைத்தால் தம்பிகள் கிடைப்பார்கள். அந்த இரண்டையும் சேர்த்து மொத்தம் மூன்று கார்பன் பாலம் என்றால் ஜி-3, நான்கு என்றால் ஜி-4. ஒரு வரிசைக்குப் பிள்ளையார் சுழி போட இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

சரி, கணேஷா எப்படி வேலை செய்தது? இங்கேதான் எனக்குப் புல்லரிக்கிறது. வீரியமான உறவுகளில் பெரும்பாலானவற்றுக்கு 2, 5 மூலைகளில் மீத்தாக்சி இருக்கும், 4-இல் வேறொன்று இருக்கும், 3 காலியாகக் கிடக்கும். கணேஷா அந்த 3-ஆம் மூலையையும் நிரப்பிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. அப்படியும் வேலை செய்தது! இன்னொரு விந்தை. வாலில் ஒரு கார்பன் கூடினால் இந்த உறவுகளில் வீரியம் பல மடங்கு ஏறுவதுதான் வழக்கம். கணேஷாவின் வாலில் அந்தக் கூடுதல் கார்பன் உண்டு. அது இல்லாத உடன்பிறப்பு 2சி-ஜி. இரண்டையும் ஒப்பிட்டால் வீரியம் ஏறக்குறைய ஒன்றே. அந்த வழக்கம் இங்கே தடுமாறுவதை ஷுல்கினே உட்கார்ந்து எழுதி வைத்தார்.

எழுதி வைத்தார் என்றேனே, அந்த முறையைச் சொல்ல வேண்டும். முதல் ருசி எப்போதும் அவருக்குத்தான். எந்த விளைவும் தெரியாத அளவுக்கு நுணுக்கமான துளியில் தொடங்கி, நாள்கள் இடைவெளி விட்டு, படிப்படியாக ஏறுவார். பிறகுதான் மனைவி ஆன். அதற்கும் பிறகு நெருங்கிய நண்பர்கள் சிலர். விளைவுக்கு மதிப்பெண்ணும் உண்டு. ஒன்றுமில்லை என்றால் கழித்தல் குறி, பிறகு ஒரு கூட்டல், இரண்டு, மூன்று. நாலாவது கூட்டல் அபூர்வம், வேண்டும் என்று அழைத்தால் வராதது. இந்தக் குறிப்புகளைத்தான் 1991-இல் ஆனும் அவரும் 'பீகால்' என்ற புத்தகமாக வெளியிட்டார்கள். பாதி காதல் கதை, பாதி 179 மூலக்கூறுகளின் ஜாதகம்! அதில் கணேஷாவும் உண்டு.

புத்தகம் வந்த சில ஆண்டுகளில் போதைத்தடுப்பு அதிகாரிகள் வீட்டுக்குச் சோதனையிட வந்தார்கள். 25,000 டாலர் அபராதம், உரிமமும் போனது. ஆனாலும் 1997-இல் அடுத்த புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். 2014 ஜூன் 2-ஆம் தேதி, 88 வயதில், அதே லாஃபயெட் வீட்டில் சாஷா காலமானார். 2022-இல் ஆனும் போய்விட்டார்.

சாமி பெயர் இருக்கிறதே என்று யாரும் கணேஷாவை வாயில் போட நினைக்க வேண்டாம். விளைவு ஏறக்குறைய ஒரு முழு நாள் இறங்காது. ஒரு சிறு வட்டத்தின் அனுபவக் குறிப்புதான் இதற்கு ஆதாரம். இதன் அழகு காகிதத்தில் இருக்கிறது, அங்கேயே பார்ப்போம். ஒரு பென்சில் எடுங்கள். அறுகோணம் வரையுங்கள். மூலைகளுக்கு 1 முதல் 6 வரை எண் போடுங்கள். 1-இல் வால், 2-இலும் 5-இலும் மீத்தாக்சி, 3-இலும் 4-இலும் மீத்தைல் என்ற ஒற்றைக் கார்பன், 6 காலி. உங்கள் முன் உட்கார்ந்திருப்பது கணேஷா.