சேம்பு போலத் தெரிவதெல்லாம் சேம்பல்ல

ஊரை விட்டு வரும்போது மண்வெட்டியைக் கொண்டு வந்தவர்கள் உண்டு. விதைநெல்லை மடியில் கட்டி வந்தவர்களும் உண்டு. ஆனால் எந்த இலையை உண்ணலாம், எதைத் தொடக்கூடாது என்ற அறிவு அந்தந்த ஊர் மண்ணோடு சேர்ந்தது. வரண்ட பிரதேசத்தில் வாழ்ந்த குடும்பமொன்று ஈரமான இடத்திற்குப் போனால், அந்த அறிவையும் புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டும். இதற்கு நல்ல உதாரணம், வாய்க்கால் ஓரங்களில் ஆளுயரத்திற்கு மேல் நிற்கும் பெருஞ்சேம்பு. சிங்கள மக்கள் இதனை ஹபரல என்பர். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால், பெயரை மட்டும் நம்பாமல் செடியைப் பார்த்து அறிவது நல்லது.

செடியின் தன்மை

பெருஞ்சேம்பு 4 மீற்றர் உயரம்வரை வளரக்கூடியது. ஓர் இலை 1 மீற்றர் நீளம்வரை வரும். சதுப்பு நிலம், ஓடைக்கரை, கிணற்றடி என்று ஈரமும் நிழலும் உள்ள இடங்களில் உரமில்லாமலே செழிக்கும். பக்கக் கன்றுகளைப் பிரித்து நடலாம். நிலத்திற்கு மேலே தடித்து நிற்கும் தண்டுதான் உணவாகும் பகுதி. தொங்கா, சமோவா ஆகிய பசுபிக் தீவுகளில் இது தோட்டப் பயிர். அங்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ வளரவிட்டுத் தண்டை வெட்டி, தடிப்பாகத் தோல் சீவி, நன்றாக வேகவைத்து உண்கிறார்கள்.

ஆபத்து எங்கே?

இலை, காம்பு, தண்டு எல்லாவற்றிலும் ஊசி போன்ற நுண்ணிய கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் உள்ளன. பச்சையாகக் கடித்தால் இவை உதட்டிலும் நாக்கிலும் தொண்டையிலும் குத்தும். எரிவும் வீக்கமும் உடனே தொடங்கும். தொண்டை வீங்கினால் மூச்சுவிடவும் கஷ்டமாகும். நாம் சமைக்கும் சேம்பிலும் இதே ஊசிகள் உண்டு. ஆனால் பெருஞ்சேம்பின் காறல் பெரும்பாலும் அதைவிடக் கடுமையானது. காட்டில் தானாக வளர்ந்த சில செடிகள் எவ்வளவு அவித்தாலும் காறல் போகாதவை.

வேறுபாட்டை அறிவது

வளர்ந்த செடியில் இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். சமையற் சேம்பில் காம்பு இலையின் விளிம்பிலிருந்து சற்று உள்ளே, அடிப்பக்கத்தில் பொருந்தியிருக்கும். இலையின் நுனி கீழ்நோக்கித் தொங்கும். பெருஞ்சேம்பில் காம்பு இலையின் பிளவில், விளிம்போடு சேரும். இலையின் நுனி பெரும்பாலும் மேல்நோக்கி நிற்கும். இளஞ்செடிகளில் இந்த அடையாளங்கள் தெளிவாக இராது. ஆகவே அந்த இடத்தில் நீண்டகாலம் வாழ்ந்த ஒருவர் காட்டித் தராத செடியை அடுப்பில் ஏற்றவேண்டாம்.

சமைக்கும்போது

உண்ணும் இனம் என்று உறுதியாகத் தெரிந்தாலும் அவதானம் தேவை. கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, கை காய்ந்திருக்கும்போதே தோலைத் தடிப்பாகச் சீவுங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம். துண்டுகளை நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் மீண்டும் நெடுநேரம் அவியுங்கள். புளி சேர்ப்பது எமது பழைய வழக்கம். ஆனால் புளியை நம்பி அவிக்கும் நேரத்தைக் குறைக்கக்கூடாது. பெரியவர் ஒருவர் சிறு துண்டைச் சுவைத்துச் சற்றுப் பொறுத்துப் பார்க்கட்டும். நாக்குக் காறினால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். சிறுநீரகக் கல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் சேம்பு வகைகளை அடிக்கடி உண்ணக்கூடாது.

பன்றி வளர்ப்போருக்கு

வியட்நாம், லாவோஸ் நாடுகளில் சிறு விவசாயிகள் சேம்பின் இலையையும் காம்பையும் சிறிதாக நறுக்கி, காற்றுப் புகாதபடி அடைத்துப் புளிக்கவிட்டுப் பன்றிக்குக் கொடுக்கிறார்கள். புளித்தபின் காறல் குறைகிறது. பச்சையாகக் கொடுத்தால் பன்றிக்கும் வாய் எரியும்.

பிள்ளைகளும் நுளம்பும்

பெருஞ்சேம்பின் பழங்கள் பழுத்தால் சிவந்து பிள்ளைகளின் கண்ணைக் கவரும். வீட்டு வாசலிலும் பள்ளிக்கூடம் போகும் வழியிலும் இதை நிற்கவிடாதீர்கள். காம்பின் கவட்டில் தேங்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு முட்டையிடலாம். வீட்டருகே நிற்கும் செடிகளை வெட்டி அகற்றுவதே நல்லது. வாய்க்கால் கரையில் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பவற்றை விட்டுவிடலாம்.

கடித்துவிட்டால்

வாயில் உள்ளதைத் துப்பவைத்து, தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்கச் செய்யுங்கள். விழுங்க முடிந்தால் குளிர்ந்த தண்ணீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். அதே ஊசிகள் தொண்டையை மறுபடியும் குத்தும். பால் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். குரல் மாறினாலோ, எச்சில் வடிந்தாலோ, மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இலைத்துண்டு ஒன்றையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

பசி நேரத்தில் கண்ணெதிரே நிற்கும் பச்சை எல்லாம் உணவாகத் தோன்றும். அதில் குற்றமில்லை. ஆனால் புது மண்ணில் முதலாவது வேலை, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் "அம்மா, இது என்ன செடி? இதைச் சாப்பிடலாமோ?" என்று கேட்பதுதான். அந்த ஒரு கேள்வி பிள்ளையின் உயிரைக் காக்கும். புதிய ஊரில் ஓர் உறவையும் தரும்.