கல்லில் உறங்கும் வரலாறு

காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில், ஹவுளை ஒட்டி நீண்ட கருங்கல் ஒன்று கிடந்தது. தொழுகைக்கு வருவோர் அதன் மீது அமர்ந்துதான் ஒளூச் செய்வர். அக்கல்லின் ஒரு பக்கத்தில் எழுத்துகள் தேய்ந்து காணப்பட்டதையும், அவற்றை விரலால் தடவிப் பார்த்ததையும் சிறு வயது நினைவாக இன்றும் நெஞ்சில் வைத்திருக்கிறேன்.

பல்லாண்டுகளுக்குப் பின் அவ்வூர் சென்றபோது, பழைய பள்ளி இருந்த இடத்தில் பளிங்குத் தரையும் உயர்ந்த மினாராக்களுமாகப் புதிய பள்ளி எழுந்து நின்றது. கண்டு மகிழ்ந்தேன். பிறகு அங்கிருந்த பெரியவரிடம், "அந்தப் பழைய கல் எங்கே மாமு?" என்று கேட்டேன்.

"அதுவா தம்பி? வேலை நடந்தபோது உடைத்து அஸ்திவாரத்தில் போட்டுவிட்டோம். அதில் என்ன எழுதியிருந்தது என்று யாருக்குத் தெரியும்?" என்றார் அவர்.

அவர் மீது குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவ்வூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் சென்றால் திருச்சிராப்பள்ளி. அக்கல்லைப் படித்துச் சொல்லக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் இருப்பதை அவரும் அறியவில்லை. அந்நாளில் நானும் அறியவில்லை. அந்தக் கல்லைச் சம்மட்டி உடைப்பதற்கு முன்பே எங்கள் அறியாமை உடைத்துவிட்டது.

இன்னொரு ஊரில் இன்னொரு கல்லுக்கு அந்நிலை நேரக்கூடாது என்னும் கவலையே இக்கட்டுரைக்குக் காரணம். நம் ஊரின் பழமையை அறிய விரும்புவோர் யாரிடம் செல்வது, எதைப் படிப்பது, எதைச் செய்வது, எதைச் செய்யாதிருப்பது என்பதைத் திருச்சியையும் திருவரங்கத்தையும் முன்வைத்துக் காண்போம்.

நம் காலடியில் கிடப்பவை

இன்று திருச்சி நகரின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூர், முற்காலச் சோழரின் தலைநகராக விளங்கியது. அங்கே 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு நடத்தினர். உரோம நாட்டுத் தொடர்பைக் காட்டும் பானை ஓடுகளும், பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும், துணிக்குச் சாயம் தோய்க்கப் பயன்பட்டதெனக் கருதப்படும் தொட்டியும் கிடைத்தன. உறையூர் ஆடையின் சிறப்பை ஏட்டில் படித்தவர்களுக்கு, அத்தொழில் நடந்த இடத்தையே அகழாய்வு காட்டியது.

மலைக்கோட்டையிலோ, மேலே பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. கீழே பாண்டியர் காலக் குகைக்கோயில் இருக்கிறது. பாறையின் இன்னொரு பக்கத்தில் சமண முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன.

ஆற்றைக் கடந்து திருவரங்கம் சென்றால், ஏழு திருச்சுற்றுகள் கொண்ட அரங்கநாதர் கோயிலின் சுவர்களே ஓர் ஆவணக் களரியாக நிற்கின்றன. சோழர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார் எனப் பல அரசர் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றை மட்டுமே கொண்டு 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையில் 24ஆம் தொகுதி 1982இல் வெளிவந்தது. அக்கோயிலிலேயே துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதி உண்டு. அவர் தில்லி சுல்தானின் மகள் என்று மரபுவழிக் கதை கூறுகிறது. கதையைக் கதையாகவும் கல்வெட்டைக் கல்வெட்டாகவும் பிரித்தறியும் பயிற்சியே தொல்லியல் நமக்குத் தரும் முதற்பாடம்.

நமக்குரிய பங்கு

இவ்வளவு செழித்த மண்ணில் முஸ்லிம்களின் சுவடுகளும் குறைவின்றி உள்ளன. நத்தர் வலி தர்காவுக்கு இராணி மங்கம்மாள் நிலக்கொடை அளித்ததை 1701ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று தெரிவிக்கிறது. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா அடங்கியிருப்பதும் அவ்வளாகத்தில்தான். அவருடைய எதிரியாக நின்று 1752இல் கொல்லப்பட்ட சந்தா சாஹிபும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டதாகக் கூறுவர். வாழ்நாளெல்லாம் போரிட்ட இருவரையும் ஒரே மண் ஏற்றுக்கொண்டது.

கோட்டை ரயில் நிலையத்தின் அருகே சிறிய கற்கட்டடமாக நிற்கும் கல்லுப்பள்ளியைப் பலரும் அறிவர். அதிலுள்ள அரபுக் கல்வெட்டில் அப்துல்லாஹ் பின் முஹம்மது அன்வர் என்ற பெயரும் ஹிஜ்ரி 116 என்ற ஆண்டும் படிக்கப்பட்டுள்ளன. அது கி.பி. 734ஆம் ஆண்டுக்கு இணையாகும். இச்செய்தியைச் சொல்லும்போது நம் நெஞ்சு நிமிர்வது இயல்பே. ஆயினும் தொல்லியல் அறிஞர் அங்கே நின்று சில வினாக்களை எழுப்புவார். எழுத்தின் அமைதி எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது? கல் அந்த ஆண்டிலேயே பொறிக்கப்பட்டதா, பிற்காலத்தார் முன்னோர் நினைவாகப் பொறித்ததா? தூண்களின் வடிவம் எக்காலத்தது? இவ்வினாக்களை நம் பெருமைக்கு இழுக்கு என எண்ணிச் சினம் கொள்ளலாகாது. சோதனைக்கு உட்பட்டுத் தேறிய பெருமையே நிலைக்கும். அச்சோதனை நடைபெற வேண்டுமானால், முதலில் கல் இருக்க வேண்டுமல்லவா?

ஆர்வலர்கள் வளர்த்த துறை

'இதெல்லாம் பேராசிரியர்களின் வேலை. வணிகமும் குடும்பமுமாக இருக்கும் நமக்கு என்ன தெரியும்?' என்று சிலர் எண்ணலாம். திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஐராவதம் மகாதேவன் (1930 – 2018) வேதியியலும் சட்டமும் கற்று, இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். ஆர்வத்தால் குகைதோறும் சென்று பழந்தமிழ் எழுத்துகளைப் படித்தார். அவர் 2003இல் வெளியிட்ட பெருநூல், அத்துறையில் இன்று அனைவரும் எடுத்துப் பார்க்கும் நூலாக விளங்குகிறது.

திருச்சியில் வாழும் டாக்டர் இரா. கலைக்கோவன் கண் மருத்துவர். தம் தந்தையார், தமிழறிஞர் மா. இராசமாணிக்கனார் பெயரால் 1982இல் வரலாற்று ஆய்வு மையம் ஒன்றை அவர் திருச்சியில் நிறுவினார். அம்மையத்தினர் திருச்சி வட்டாரக் கோயில்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அதுவரை படிக்கப்படாத கல்வெட்டுகள் பலவற்றை வெளிக்கொணர்ந்தனர். 'வரலாறு' என்னும் ஆய்விதழையும் நூல்கள் பலவற்றையும் வெளியிட்டுள்ளனர்.

கோயில்களுக்கு இத்தகைய தொண்டர்கள் கிடைத்தார்கள். நம் பள்ளிவாசல்களுக்கும் மையவாடிகளுக்கும் அத்தகையோர் எத்தனை பேர்? நம் வீட்டு இளைஞர்களுள் ஒருவர் இருவராவது முன்வரலாகாதா?

எங்கே செல்வது?

முதலில் செல்ல வேண்டிய இடம் திருச்சி அரசு அருங்காட்சியகம். 1983இல் தொடங்கப்பெற்ற இது, மலைக்கோட்டைப் பகுதியில் இராணி மங்கம்மாளின் கொலுமண்டபத்தில் இயங்குகிறது. சிற்பங்களையும் காசுகளையும் பிள்ளைகளுக்குக் காட்டவும், கண்டெடுத்த ஒரு பொருள் குறித்து விசாரிக்கவும் ஏற்ற இடம் இது. திருவரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்களைக் காணலாம். அருகிலுள்ள புதுக்கோட்டையில் 1910இல் நிறுவப்பெற்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் காப்பாட்சியராகப் பணியாற்றிய டாக்டர் ஜெ. ராஜா முகமது, சோழமண்டலக் கடற்கரை முஸ்லிம்களின் கடல்சார் வரலாற்றை விரிவாக எழுதியவர். 2004இல் வெளிவந்த அந்நூல் ஒவ்வொரு ஜமாஅத் நூலகத்திலும் இருக்கத் தக்கது.

அடுத்து அரசுத் துறைகள். 1961இல் உருவான தமிழ்நாடு தொல்லியல் துறை மாவட்டவாரியாகக் கல்வெட்டு நூல்களை வெளியிட்டு வருகிறது. இந்தியத் தொல்லியல் துறை 2020இல் திருச்சியைத் தலைமையாகக் கொண்டு தனி வட்டம் ஒன்றை அமைத்தது. ஆகவே சென்னைக்கு அலைய வேண்டிய நிலை முன்போல் இல்லை. அரபு, பாரசீகக் கல்வெட்டுகளுக்கென்றே அத்துறையின் தனிப்பிரிவு நாகபுரியில் உள்ளது. அதன் தலைவராக இருந்த டாக்டர் இஸட். ஏ. தேசாய், தென்னிந்தியாவிலுள்ள அரபு, பாரசீக, உருதுக் கல்வெட்டுகளுக்கு ஊர்வாரியான பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். அது 1989இல் வெளிவந்தது. உங்கள் ஊர்க் கல் அதில் இடம்பெற்றுள்ளதா என்று பார்ப்பதே ஆய்வின் முதற்படி. இல்லையெனில், உங்கள் கடமை அங்கிருந்து தொடங்குகிறது.

தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டு, தொல்லியலுக்கெனத் துறை உள்ளது. தமிழகத் தொல்லியல் கழகம் என்னும் அமைப்பு 1991 முதல் 'ஆவணம்' என்ற இதழை வெளியிட்டு வருகிறது. பள்ளி ஆசிரியர்கள் முதலாகப் பல தரப்பினரும் தாம் கண்டறிந்த புதிய கல்வெட்டுகளை அதில் எழுதுகின்றனர். பழைய கல்வெட்டுத் தொகுதிகள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். திருச்சியில் 1951இல் தோன்றிய ஜமால் முகமது கல்லூரியின் வரலாற்றுத் துறையையும் நாம் நாடலாம். நம் பிள்ளைகள் பலர் அங்கே பயில்கின்றனர். அவரவர் ஊர்ப் பள்ளிவாசலையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு பெற்றோர் தூண்டலாம்.

கல்லைக் கண்டால்

எழுத்துள்ள கல்லைக் கண்டவுடன் அதைக் கம்பித் தூரிகையால் தேய்க்கலாகாது, அமிலம் ஊற்றலாகாது, எழுத்துத் தெளிவாகத் தெரியட்டும் என்று வண்ணம் பூசலாகாது. மூன்றுமே எழுத்தை அழிக்கும். மெல்லிய தென்னந்துடைப்பமும் தண்ணீரும் போதும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் புகைப்படம் எடுத்தால், உச்சி வெயிலில் புலப்படாத எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடுக்க வேண்டும். கல் எந்தச் சுவரில், எந்தத் திசை நோக்கி, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். இடம் பெயர்க்கப்பட்ட கல் பாதி செய்தியை இழந்துவிடுகிறது. ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

கட்டடம் கட்டுவதற்காகவோ கிணறு தோண்டும்போதோ பழம்பொருள் கிடைத்தால் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடை செய்கிறது. பழஞ்சுவடிகளுக்கு அந்த எல்லை 75 ஆண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து நூறு மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பத் தடை உண்டு. ஆர்வத்தால் நாமே மண்ணைத் தோண்டிப் பார்ப்பது தவறு. கண்டதைக் காத்து உரியவரிடம் சொல்வதே நம் பணி.

இங்கிலாந்தில் 1997இல் ஒரு திட்டம் தொடங்கினர். வயலில் உழவரும் பொழுதுபோக்காகத் தேடுவோரும் கண்டெடுக்கும் பழம்பொருள்களை அலுவலரிடம் காட்டிப் பதிவு செய்யும் திட்டம் அது. இன்று அப்பதிவேட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. எளிய மக்கள் 'இதைக் கண்டேன்' என்று வந்து சொன்னதால் விளைந்த செல்வம் அது.

இந்த மாதமே தொடங்கலாம்

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையை நோக்கிப் படிப்பினை பெறுமாறு இறைமறை பல இடங்களில் அறிவுறுத்துகிறது. நோக்குவதற்கு ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டும்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பள்ளியைப் புதுப்பிக்க முடிவெடுத்தால், முதற்கல்லை அகற்றும் முன் ஒரு நாளை ஒதுக்குங்கள். எழுத்துள்ள கற்கள், தூண்கள், மையவாடியிலுள்ள மீஸான் கற்கள் அனைத்தையும் புகைப்படம் எடுங்கள். மேற்சொன்ன இடங்களுள் ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பழைய கல்லைப் புதிய பள்ளியின் சுவரிலேயே, எல்லோரும் காணும் இடத்தில் பதித்துவையுங்கள். நிலம் யார் தந்தது, பள்ளியை யார் கட்டினார் என்பதற்குச் சான்று கேட்கப்படும் நாளில் அக்கல்லே சாட்சியாக நிற்கும்.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு சொல். பாட்டனார் பெட்டியிலுள்ள பத்திரங்கள், அரபுத் தமிழ்க் கையெழுத்து ஏடுகள், பழைய நிக்காஹ் பதிவுகள் ஆகியவற்றைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பசைநாடா ஒட்டாமல், பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். படிக்கத் தெரிந்தவர் வரும் வரையில் அவை காத்திருக்கட்டும்.

அஸ்திவாரத்தில் புதைந்த அந்தக் கல்லில் என்ன எழுதியிருந்தது என்பதை இனி ஒருவரும் அறியப் போவதில்லை. உங்கள் ஊர்க் கல் இன்னும் வெளியில் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அதன் அருகே ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.