மூக்கு வைத்த லாரிகளும் அவற்றை ஓட்டியவர்களும்

செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ, பெட்ஃபோர்டு. தமிழகச் சாலைகளில் தொடக்க காலத்தில் சரக்கு ஏற்றிச் சென்ற லாரிகளின் பெயர்கள் இவை. என்ஜின் முன்னால் நீண்டு, கேபின் அதற்குப் பின்னால் அமைந்திருந்ததால் ‘மூக்கு வைத்த லாரி’ என்ற அடையாளம் இவற்றுக்கு ஒட்டிக்கொண்டது. டாட்ஜும் ஃபார்கோவும் ஒரே கிரைஸ்லர் நிறுவனத்தின் வண்டிகள். பெயர்ப் பலகையைத் தவிரப் பெரிய வேறுபாடு கிடையாது. பெட்ஃபோர்டு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனத்துடையது.

சுதந்திரத்துக்கு முன்பு இவை வெளிநாட்டிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் இதற்கான தொழிற்சாலையைத் தொடங்கியது. ஃபோர்டு நிறுவனத்துக்குச் சென்னையிலும் ஒரு பிரிவு இருந்தது. உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அரசு வலியுறுத்தியபோது, 1950-களின் முற்பகுதியில் இவ்விரு நிறுவனங்களும் வெளியேறின. ஃபார்கோ, டாட்ஜ் லாரிகளை வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும், பெட்ஃபோர்டை பிர்லாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸும் தொடர்ந்து தயாரித்தன.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது பஸ்களும் லாரிகளும் கரிவாயுவில் ஓடின. வண்டியில் பொருத்திய உருளைக் கலத்தில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிடைக்கும். அதை வடிகட்டி என்ஜினுக்குச் செலுத்தினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அத்தகைய ‘கேஸ் பிளான்ட்’களைச் செய்து கொடுத்தது. கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே கலத்தில் தீ மூட்டி, ஊதுவிசிறியைக் கையால் சுற்ற வேண்டும். அது கிளீனரின் வேலை. பெட்ரோலில் கிடைத்த இழுவை இதில் கிடைக்காது. மேடு வந்தால் வண்டி திணறும்.

டீசலின் வருகை

நாட்டில் லாரித் தொழிலின் போக்கை மாற்றியவை இரண்டு நிறுவனங்கள். ரயில் என்ஜின் செய்வதற்காக 1945-ல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய டாடாவின் டெல்கோ, 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் செய்து ‘டாடா மெர்சிடிஸ் பென்ஸ்’ டீசல் லாரிகளைக் கொண்டுவந்தது. 15 ஆண்டுகளில் அந்த ஒப்பந்தம் முடிய, முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் ‘டி’ எழுத்து வந்தது. எண்ணூரில் 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு இங்கிலாந்தின் லேலண்டுடன் சேர்ந்து காமெட் லாரிகளைத் தயாரித்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது.

டாடா வண்டிகளின் எண்களுக்கு ஒரு கணக்கு உண்டு. 1210 என்றால், சரக்கோடு சேர்ந்த மொத்த எடை சுமார் 12 டன், என்ஜின் திறன் சுமார் 100 குதிரைத்திறன். 1613 என்பது 16 டன், 130 குதிரைத்திறன்.

பழைய பெட்ரோல் லாரிகளைக் கைவிட மனமில்லாத உரிமையாளர்கள், அவற்றில் பெர்கின்ஸ் டீசல் என்ஜினை இறக்கி ஓட்டினார்கள். அந்த என்ஜின்களைச் சென்னையின் சிம்சன் நிறுவனம் தயாரித்தது. இப்படி என்ஜின் மாறிய வண்டிகள் மேலும் பல ஆண்டுகள் உழைத்தன.

ஓட்டும் வித்தை

இன்றைய லாரியில் இயந்திரமே பார்த்துக்கொள்ளும் பல வேலைகளை அன்று ஓட்டுநரின் கையும் காலும் காதும் செய்தன. பவர் ஸ்டீயரிங் இல்லாததால் லோடு வண்டியைத் திருப்பத் தோள்பலம் வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிப்பது இன்னும் கடினம் என்பதால், வண்டியை மெல்ல நகர்த்திக்கொண்டே ஒடிப்பார்கள்.

பேட்டரி இறங்கிவிட்டால் பெட்ரோல் வண்டியை முன்னால் நின்று ஹேண்டில் அடித்துத்தான் கிளப்ப வேண்டும். என்ஜின் சில சமயம் எதிர்த் திசையில் உதைக்கும், மணிக்கட்டு முறிந்துவிடும். அதனால் ஹேண்டிலைச் சுற்றிக் கட்டைவிரலை மடக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். டீசல் குழாயில் காற்று புகுந்தால் என்ஜின் நின்றுவிடும். நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை ‘ஏர் எடுக்க’ வேண்டும்.

கியர் மாற்றுவது தனிக் கலை. பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே சமன்செய்யும் அமைப்பு அந்தக் கியர்பாக்ஸ்களில் இல்லை. கீழ்க் கியருக்கு வர, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தி, மறுபடி கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். இதற்கு ‘டபுள் கிளட்ச்’ என்று பெயர். என்ஜின் சத்தத்தைக் கேட்டுத்தான் சரியான நொடியைப் பிடிக்க முடியும். தவறினால் பற்கள் அரைபடும் ஓசை ஊருக்கே கேட்கும்.

மலையிறக்கத்தில்தான் ஒருவரின் தேர்ச்சி தெரியும். தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் டிரம் சூடேறி, பிரேக் பிடிக்காமல் போகும். என்ஜினை அணைத்துவிட்டு உருட்டினாலோ பிரேக்குக்குத் துணைசெய்யும் வேக்குவமும் போய்விடும். எனவே எந்தக் கியரில் ஏறுமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மூத்த ஓட்டுநர்களின் பாடம். தொப்பூர் கணவாயிலும், 27 கொண்டைஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் இந்த ஒழுங்கு உயிரைக் காத்தது. திம்பம் ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் பண்ணாரி அம்மனைக் கும்பிட்ட பிறகே வண்டியை எடுப்பார்கள்.

கிளீனர் என்னும் மாணவர்

அந்தக் காலத்து ஓட்டுநர்களில் மிகப் பலர் கிளீனராக ஏறியவர்கள். வண்டி கழுவுவது, கிரீஸ் அடிப்பது, தார்ப்பாய் விரித்துக் கயிறு இழுத்துக் கட்டுவது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவருவது என்று வேலை தொடங்கும். ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். பின்னால் எடுக்கும்போது ‘வரலாம், வரலாம்’ என்று சொல்லி, ‘ஹோல்டான்’ என்று நிறுத்த வேண்டும். இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி, ஓசையைக் கொண்டே உள்டயரில் காற்று இருக்கிறதா என்று கண்டுபிடிப்பார்கள். பஞ்சரான டயரைக் கழற்றி மாட்டுவதிலும் ஆபத்து இருந்தது: காற்று அடிக்கும்போது, டயரைச் சக்கரத்தில் பிடித்துவைக்கும் லாக் ரிங் சரியாக உட்காராவிட்டால் தெறித்து ஆளைக் கொல்லக்கூடும்.

இத்தனையும் பார்த்துப் பழகிய பிறகு, காலியான சாலையில் ‘அண்ணன்’ ஒருநாள் ஸ்டீயரிங்கைக் கொடுப்பார். சம்பளம் குறைவு, வெளியூர்ப் பேட்டாதான் அன்றாடச் செலவுக்கு. வாரக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல், என்ஜின் சூட்டிலும் புகையிலும் இவர்கள் சுமந்து சென்ற நெல்லும் பருத்தியும் உரமும்தான் ஊர்களை வாழவைத்தன. அந்த உழைப்புக்கு உரிய மரியாதையைச் சமூகம் அவர்களுக்குத் தரவில்லை.

பாடி கட்டிய ஊர்கள்

நிறுவனங்கள் பெரும்பாலும் சேஸிஸை மட்டுமே விற்றன. கேபின் இல்லாத அந்தச் சட்டத்தில் தற்காலிக இருக்கை போட்டு, தலையில் துணி கட்டி, வெயிலிலும் மழையிலும் ஓட்டுநர்கள் ஜாம்ஷெட்பூரிலிருந்து நாட்கணக்கில் ஓட்டிவந்தார்கள். பிறகு ஆசாரியும் வெல்டரும் டிங்கரும் பெயிண்டரும் சேர்ந்து பாடி கட்டினார்கள். லாரிக்கு நாமக்கல், பஸ்ஸுக்குக் கரூர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு என்று ஊர்கள் பெயர்பெற்றன. சங்ககிரியும் லாரி உரிமையாளர்கள் நிறைந்த ஊராக வளர்ந்தது.

1939-ன் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் பெர்மிட் வட்டாரத்துக்குள் அடங்கியிருந்தது. 1975-ல் வந்த நேஷனல் பெர்மிட் முறை மாநில எல்லைகளைத் திறந்துவிட்டது. மேற்கு மாவட்டத்து லாரிகள் வடநாடு முழுவதும் ஓடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

மாற்றமும் பாதுகாப்பும்

பவர் ஸ்டீயரிங், ஏர் பிரேக், ஒத்திசைவுக் கியர்பாக்ஸ், டர்போ என்ஜின் ஆகியவை வந்தபின் ஓட்டுநரின் உடல்பாடு வெகுவாகக் குறைந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. வெகுகாலம் முன்பே வந்திருக்க வேண்டிய நன்மை இது.

பழைய லாரிகளில் பெரும்பாலானவை உடைக்கப்பட்டு இரும்பாகிவிட்டன. கார்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் வசதி படைத்தவர்கள் உண்டு. கோவையில் ஜீடி கார் அருங்காட்சியகமும் இருக்கிறது. லாரிக்கு அந்த வாய்ப்புக் குறைவு: நிறுத்த இடம் அதிகம் வேண்டும், பாகங்கள் கிடைப்பதில்லை, உழைத்து ஓய்ந்த வண்டி எடைக்குப் போவதே வழக்கம். எஞ்சியிருக்கும் ஃபார்கோவையும் பெட்ஃபோர்டையும் காப்பாற்றுவதோடு, பெர்மிட் தாள்கள், ஆர்.சி. புத்தகங்கள், பட்டறைப் புகைப்படங்கள் ஆகியவற்றையும் திரட்ட வேண்டும். இளம் வயதில் அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் இப்போது எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுடைய கைப்பழக்கத்தையும் அனுபவத்தையும் நேரில் கேட்டுப் பதிவுசெய்வது, வண்டியைப் பாதுகாப்பதைவிட அவசரமான வேலை.