முனையே இல்லாத எழுத்து

ஈஸிஜெட் விமானத்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரைப் படத்தில் பாருங்கள். அப்படியே பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறையையும் பாருங்கள். அது வந்தது 1966இல். இரண்டிலும் எழுத்து ஒன்றுதான்: கூப்பர் பிளாக். பிசைந்த மாவை உருட்டி வைத்ததுபோல் குண்டாக இருக்கும்.

இதை வரைந்தவர் சிகாகோவைச் சேர்ந்த ஆஸ்வால்ட் கூப்பர். அச்சகங்களுக்கு ஈய எழுத்துகளை வார்த்து விற்ற பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் 1922இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கிட்டப்பார்வையுள்ள வாடிக்கையாளர்களைக் கொண்ட, தொலைநோக்குள்ள அச்சகக்காரர்களுக்காக என்று கூப்பரே இதைக் கேலியாகச் சொன்னதுண்டு.

குண்டு எழுத்து வரைவதில் கஷ்டம் கறுப்பில் இல்லை, வெள்ளையில் இருக்கிறது. கோடு தடிக்கத் தடிக்க எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கும் வெற்றிடம் சுருங்கும். மை கொஞ்சம் பரவினாலும் அந்தத் துளை அடைத்துக்கொள்ளும். கூப்பர் துளைகளைச் சிறிதாகத்தான் விட்டார், ஆனால் ஆங்கில 'ஓ'வின் துளையை நேராக நிறுத்தாமல் சற்றுப் பின்னால் சாய்த்தார். சாய்வான பேனா இழுத்த தடம்போல அது தெரிவதால், இத்தனை பருமனிலும் எழுத்து கட்டையாகத் தோன்றுவதில்லை.

இன்னொரு வேலை நம் கண்ணோடு சம்பந்தப்பட்டது. ஒரே உயரத்தில் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் வரைந்தால் வட்டம் சிறியதாகத் தெரியும். சதுரத்தின் அடி முழுக்கக் கோட்டில் உட்காருகிறது, வட்டமோ ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. அதனால் எழுத்து வரைபவர்கள் வட்ட எழுத்துகளைக் கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழை இறக்கிவிடுவார்கள். சாதாரண எழுத்துருவில் இந்தச் சலுகை சில எழுத்துகளுக்கு மட்டும்தான். கூப்பர் பிளாக்கில் கால் வைத்த எழுத்துக்கும் பாதம் உருண்டைதான். நேர்கோட்டில் சப்பென்று உட்காரும் எழுத்து அதில் அபூர்வம். முழு வரியுமே கூழாங்கற்களை வரிசையாக வைத்ததுபோல் மெத்தென்று இருப்பது இதனால்தான்.

கூப்பருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் பிரெடெரிக் கவுடி. மாணவரின் எழுத்து விற்பனையில் பிய்த்துக்கொண்டு போனதும், போட்டிக்கு இறக்க 1925இல் கவுடியே ஒரு குண்டு எழுத்தை வரைய வேண்டியதாயிற்று. குருவுக்கு அது எப்படி இருந்திருக்குமோ!

கூப்பர் பிளாக்குக்கு இரண்டாவது வாழ்வு 1960களிலும் 70களிலும் வந்தது. ஈய எழுத்துகளை ஓரளவுக்கு மேல் நெருக்க முடியாது, இரண்டு உலோகக் கட்டைகள் முட்டிக்கொள்ளும். ஒளி அச்சுக்கோப்பு வந்த பிறகு பிலிமில் எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கலாம், மேலேயே ஏற்றலாம். நெருக்கினால் அழகு கூடும் எழுத்து இது. கூடவே, இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கி டி-சர்ட்டில் ஒட்டும் எழுத்துகளும் பரவின. கூர்முனை உள்ள எழுத்தாக இருந்தால் நாலு சலவையில் முனை மழுங்கிப் பழசாகத் தெரியும். கூப்பர் பிளாக்கில் மழுங்குவதற்கு முனை ஏது? கடையிலிருந்து வந்தபோதே அது அப்படித்தான் இருந்தது.