சிஸ்டர் ஜீனின் கணிப்பைப் பொய்யாக்கிய சொந்த டீம்!

மார்ச் மாதம் வந்துவிட்டால் போதும், அமெரிக்காவில் ஆளாளுக்கு ஜோசியர் ஆகிவிடுவார்கள். ஆபீஸில் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை, வீட்டில் தாத்தா முதல் பேத்தி வரை எல்லோர் கையிலும் ஒரு தாள் இருக்கும். கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் யார் யாரை ஜெயிப்பார்கள், கடைசியில் கோப்பை யாருக்கு என்று முதல் சுற்றிலிருந்து ஃபைனல் வரை அதில் முன்கூட்டியே எழுத வேண்டும். அந்தத் தாளுக்குப் பெயர் 'பிராக்கெட்'. அந்தத் திருவிழாவுக்குப் பெயர் 'மார்ச் மேட்னஸ்'. பெயரிலேயே பைத்தியம் இருக்கிறது பாருங்கள்!

2018 மார்ச்சில் அப்படி ஒரு பிராக்கெட் அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டது. எழுதியவர் விளையாட்டு நிபுணரோ, முன்னாள் வீரரோ அல்ல. 98 வயது கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. இடுப்பு எலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். சிகாகோ லயோலா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் ஆன்மிக வழிகாட்டி. பெயர், சிஸ்டர் ஜீன் டொலோரஸ் ஷ்மிட்.

தன் அணிக்காக ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் ஜெபம் செய்பவர் அவர். அப்படிப்பட்டவர் தன் தாளில் என்ன எழுதியிருப்பார்? 'கோப்பை எங்களுக்கே' என்றுதானே? அதுதான் இல்லை. 'ஸ்வீட் 16' எனப்படும் கடைசி 16 அணிகளின் சுற்றில் லயோலா தோற்றுவிடும் என்று எழுதிவைத்திருந்தார் சிஸ்டர்!

92,000 கோடி கோடியில் ஒன்று

சிஸ்டரின் துணிச்சலைப் புரிந்துகொள்ள இந்த விளையாட்டின் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

போட்டிக்கு 68 கல்லூரி அணிகள் வரும். முதல்கட்ட ஆட்டங்களில் 4 அணிகள் கழிந்துபோக, பிரதானக் களத்தில் நிற்பவை 64. ஒருமுறை தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், மறுவாய்ப்பு கிடையாது. அணிகளை நான்கு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை ரேங்க் போட்டுக் கொடுக்கும் தேர்வுக்குழு. முதல் ஆட்டத்தில் 1-ம் ரேங்க் அணி 16-ம் ரேங்க் அணியோடு மோதும், 2-ம் ரேங்க் 15-ம் ரேங்கோடு மோதும். இப்படியே போகும்.

மொத்தம் 63 ஆட்டங்கள். காசைச் சுண்டிப் போட்டு எழுதினால் எல்லாமே சரியாக அமைய வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? சுமார் 92,000 கோடி கோடியில் ஒன்று. 9 எழுதி, அதன் பின்னால் இன்னும் 18 இலக்கங்கள் வரும் எண் அது. விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் வாய்ப்பு கூடும்தான். ஆனாலும் 2014-ல் வாரன் பஃபெட்டின் நிறுவனம் பின்னணியில் நிற்க, முழுக்கச் சரியாக எழுதுபவருக்கு 100 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. 2019-ல் ஓஹாயோ மாநிலத்துக்காரர் ஒருவர் தொடர்ந்து 49 ஆட்டங்களைச் சரியாகச் சொல்லி அசத்தினார். 50-வது ஆட்டத்தில் அவர் தாளும் கிழிந்தது!

கோச்சுக்கே ரிப்போர்ட் கொடுத்தவர்

சிஸ்டர் ஜீன் சும்மா பாசத்தில் கூடைப்பந்து பார்க்க வந்தவர் அல்ல. 1919 ஆகஸ்ட் 21-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த அவர், பள்ளி நாள்களிலேயே கூடைப்பந்து ஆடியவர். துறவு மடத்தில் சேர்ந்து கலிஃபோர்னியாவில் ஆசிரியையாக இருந்தபோது பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். 1961-ல் சிகாகோவுக்கு வந்து மண்டலைன் கல்லூரியில் சேர்ந்தார். 1991-ல் அந்தக் கல்லூரி லயோலாவோடு இணைந்தது. சென்னைவாசிகளுக்குப் பழக்கமான அதே லயோலா பெயர்தான். இரண்டுமே இயேசு சபையினரின் கல்வி நிறுவனங்கள், சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் பெயரைச் சுமப்பவை.

75 வயதை நெருங்கிய சிஸ்டரிடம் 1994-ல் ஒரு வேலை கொடுத்தார்கள். ஆட்டத்தில் மூழ்கிப் படிப்பைக் கோட்டைவிடும் வீரர்கள் மார்க் வாங்க உதவ வேண்டும். அந்தப் பணி அப்படியே அணியின் ஆன்மிக வழிகாட்டி என்ற பொறுப்பாக மாறியது.

2011-ல் போர்ட்டர் மோசர் அணியின் புதிய பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அவருக்காக ஒரு ரிப்போர்ட் காத்திருந்தது. அணியில் யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவரின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று எல்லாம் அதில் இருந்தது. எழுதியது யார் என்று சொல்லவும் வேண்டுமா? அதன்பிறகும் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் சிஸ்டரிடமிருந்து ஈமெயில் பறக்கும். பாராட்டும் இருக்கும், எங்கே சறுக்கினார்கள் என்ற புள்ளிவிவரமும் இருக்கும். 90 வயதைத் தாண்டியவர் அனுப்பும் ஈமெயில்!

இப்படிப்பட்டவர் பிராக்கெட் எழுத உட்கார்ந்தால், இதயம் ஒருபக்கம் இழுத்தாலும் மூளை தன் வேலையைச் செய்யுமல்லவா? 2018-ல் லயோலாவுக்குக் கிடைத்தது 11-ம் ரேங்க். இந்தப் போட்டிக்குள் அவர்கள் நுழைந்ததே 33 ஆண்டுகளுக்குப் பிறகுதான். அந்த அணி இரண்டு ஆட்டங்கள் ஜெயிக்கும் என்று எழுதியதே பெரிய நம்பிக்கை. மூன்றாவது ஆட்டத்தில் போதும் என்று நிறுத்தியது சிஸ்டரின் நேர்மை.

நான்கே பாயின்ட்... மூன்று வெற்றி!

பிறகு நடந்தது யாருடைய தாளிலும் இல்லாதது.

முதல் ஆட்டம், மியாமிக்கு எதிராக. ஆட்டம் முடிய ஒரு விநாடிகூட மிச்சமில்லாத நேரத்தில் டான்ட்டே இங்ரம் தூரத்திலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. 64-62. அடுத்து 3-ம் ரேங்க் டென்னசி. கடைசி விநாடிகளில் கிளேட்டன் கஸ்டர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு எகிறி, 'விழலாமா வேண்டாமா' என்று யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. 63-62.

சிஸ்டரின் கணிப்பு இதுவரைக்கும் சரி. அவர் எழுதியபடி பார்த்தால், அடுத்த ஆட்டத்தோடு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். எதிரே நெவாடா. அதையும் 69-68 என்று ஜெயித்துத் தொலைத்தார்கள் பிள்ளைகள்! மூன்று வெற்றிகளையும் சேர்த்து மொத்த வித்தியாசமே நான்கு பாயின்ட்தான். 'சிஸ்டர், உங்கள் பிராக்கெட்டை நாங்களே உடைத்துவிட்டோம்' என்று குதூகலித்தது அணி. சிஸ்டருக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

அதற்கடுத்த ஆட்டத்தில் கான்சாஸ் ஸ்டேட் அணியை 78-62 என்று ஊதித்தள்ளிவிட்டு, கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது லயோலா. அவர்கள் கோப்பை வென்ற 1963-க்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை.

சிஸ்டர் திடீர் ஸ்டார் ஆனார். அவர் உருவத்தில் செய்த தலையாட்டும் பொம்மைகள் விற்றுத் தீர்ந்தன. அரையிறுதிக்கு முதல் நாள் நடந்த செய்தியாளர் சந்திப்பில் கேமராக்கள் மொய்த்தன. தேசிய அளவில் பிரபலமாகிவிட்டீர்களே என்று பேச்சு வந்தபோது, 'தேசிய அளவில் இல்லை, சர்வதேச அளவில்' என்று திருத்தினார் சிஸ்டர். அரங்கமே சிரித்தது.

கடவுள் எந்த டீம்?

சிரிப்புக்கு நடுவே ஒரு கேள்வி எல்லோருக்கும் இருந்தது. ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்கலாமா? எதிரணிக்காரரும் அதே கடவுளிடம்தானே கேட்கிறார்? அவர்களிடமும் ஒரு சாமியார் இருக்கக்கூடுமே!

சிஸ்டர் இதற்கு மழுப்பவே இல்லை. ஜெபத்தின் முடிவில், ஸ்கோர் போர்டில் நம் பக்கம் வெற்றி தெரிய வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்பார். கடவுள் எப்போதும் காது கொடுப்பார், ஆனால் சில நாள் நமக்குத் தோல்விதான் நல்லது என்று அவர் நினைக்கலாம், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்பது அவர் சொன்ன பதில்.

கேட்பதையும் விவரமாகக் கேட்பார். 2021-ல் 8-ம் ரேங்க்கில் இருந்த லயோலா, 1-ம் ரேங்க் இல்லினாய் அணியைச் சந்தித்தது. அப்போது சிஸ்டருக்கு வயது 101. அன்றைய ஜெபத்தில் எதிரணி எத்தனை சதவிகித ஷாட்களைக் கூடைக்குள் போடுகிறது என்ற கணக்கும் வந்தது. ஆரம்பத்திலேயே பாயின்ட் எடுத்து அவர்களைப் பதற்றமாக்க வேண்டும், அவர்கள் தவறவிடும் பந்துகளைப் பிடிக்க வேண்டும் என்ற வியூகமும் வந்தது. ஆமென் சொல்லி முடித்தபோது வீரர்களுக்கு பாதி கோச்சிங்கும் முடிந்திருந்தது! அன்று லயோலா 71-58 என்று ஜெயித்தது. அடுத்த சுற்றில் ஒரேகான் ஸ்டேட் அணியிடம் 58-65 என்று தோற்றது. ஜெபம் இரண்டு நாளும் உண்டு.

ரேங்க் என்பது நேற்றைய கணக்கு

ரேங்க் போடுபவர்களின் பாடுதான் 2018-ல் பெரும்பாடு. அதுவரை 1-ம் ரேங்க் அணியும் 16-ம் ரேங்க் அணியும் 135 முறை மோதியிருந்தன. 135 முறையும் 1-ம் ரேங்க் அணிதான் ஜெயித்தது. அந்த மார்ச்சில், 68 அணிகளிலேயே முதலிடம் பெற்ற வர்ஜீனியா, யு.எம்.பி.சி என்ற சின்ன அணியிடம் 54-74 என்று நொறுங்கியது. லயோலா இருந்த அதே பிரிவில்தான் இது நடந்தது. அந்தப் பிரிவின் முதல் நான்கு ரேங்க் அணிகளில் ஒன்றுகூட 'ஸ்வீட் 16' சுற்றை எட்டவில்லை. அப்படி நடந்ததும் வரலாற்றில் முதல்முறை.

தேர்வுக்குழு முட்டாள்தனமாக ரேங்க் போட்டுவிட்டதா? இல்லை. நாடே சிரித்த அந்த வர்ஜீனியாதான் அடுத்த ஆண்டு, 2019-ல் சாம்பியன்! ரேங்க் என்பது நேற்று வரை ஆடியதற்கான மார்க். கணிப்பு என்பது அந்த மார்க்கை வைத்து நாளைக்குச் சொல்லும் யூகம். மைதானத்தில் இருப்பவர்களோ 20 வயதுப் பிள்ளைகள். வளையத்தில் எகிறும் பந்து எந்தப் பக்கம் விழும் என்பதை எந்த மார்க் ஷீட்டும் சொல்லாது.

சிஸ்டர் ஜீன் இதை வாழ்ந்து காட்டினார். மூளையால் எழுத வேண்டிய இடத்தில் மூளையால் எழுதினார். மனதால் கேட்க வேண்டிய இடத்தில் மனதாரக் கேட்டார். கணிப்பு தப்பியபோது மகிழ்ந்தார். ஜெபத்துக்குப் பிறகும் தோற்றபோது யாரையும் குறை சொல்லவில்லை.

2018-ன் முடிவையும் சொல்லிவிடலாம். மார்ச் 31 சனிக்கிழமை, சான் ஆன்டோனியோவில் அரையிறுதி. பாதி ஆட்டத்தில் மிச்சிகனைவிட 7 பாயின்ட் முன்னிலையில் இருந்தது லயோலா. பிற்பாதியில் மிச்சிகன் விஸ்வரூபம் எடுக்க, 57-69 என்று கனவு முடிந்தது. ஃபைனலில் அந்த மிச்சிகனை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது வில்லனோவா. அதுவும் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்தான்! கடவுள் ஜெபத்தைக் கேட்டார், விலாசத்தில்தான் சின்னக் குழப்பம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். லயோலா தோற்ற இரவுக்கு மறுநாள் காலை ஈஸ்டர் ஞாயிறு. தோல்வியைத் தூக்கிச் சுமக்க ஒரு கிறிஸ்தவ ரசிகைக்கு அதைவிடப் பொருந்தாத நாள் கிடையாது.

சிஸ்டர் ஜீன் 2025 அக்டோபர் 9-ம் தேதி, 106-வது வயதில் காலமானார். அவருடைய பிராக்கெட்டில் எத்தனை சரி, எத்தனை தவறு என்று இன்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் வந்த அந்த ஈமெயிலைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதனால், அடுத்தமுறை உங்கள் வீட்டில் யாராவது 'நம்ம டீம் செமி ஃபைனல்ல அவுட்' என்று சொன்னால், உடனே துரோகி என்று திட்டிவிடாதீர்கள். அன்றைக்கு டி.வி முன்னால் உங்களைவிடச் சத்தமாக வேண்டிக்கொள்பவர் அவராகவே இருக்கலாம்!