பீட்டருக்குத்தான் பறக்கத் தெரியுமே? ‘ஹீரோஸ்’ சீரிஸும் அதன் ஓட்டைகளும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் இருந்த இழுவைகளை வெட்டி, கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறோம். ஸ்பாய்லர் நிறைய உண்டு.)

இன்னைக்கு ஒரு பழைய சண்டையை எடுத்துக்கலாம். 2007 மே 21ஆம் தேதி, அமெரிக்காவின் என்பிசி சேனலில் ‘ஹீரோஸ்’ முதல் சீசனின் கடைசி எபிசோட் வந்தது. அன்னைக்கு ஆரம்பிச்ச கேள்வி இன்னும் ஓயலை: “பீட்டருக்குத்தான் பறக்கத் தெரியுமே, அப்புறம் எதுக்கு அண்ணன் வந்து தூக்கிட்டுப் போகணும்?”

பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். டிம் கிரிங் உருவாக்கிய சீரிஸ் இது. 2006 செப்டம்பரில் தொடங்கியது. ஆங்காங்கே இருக்கிற சாதாரண மனுஷங்களுக்குத் திடீர்னு சக்தி வருது. அண்ணன் நேதன் பெட்ரெல்லி பறப்பார். டெக்சாஸ்ல சியர்லீடரா இருக்கிற க்ளேருக்கு எந்தக் காயமும் தானா ஆறிடும். டோக்கியோ ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஹிரோ நேரத்தையே நிறுத்துவார். தம்பி பீட்டர் பெட்ரெல்லிக்கு இருக்கிற சக்தி விசித்திரமானது. யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவங்க சக்தி இவருக்கும் ஒட்டிக்கும். வில்லன் சைலரும் அடுத்தவங்க சக்தியை எடுத்துக்கிறவர்தான். ஆனால் அதுக்கு மண்டையைத் திறப்பார்.

முதல் சீசன் முழுக்க ஒரே பயம்: நியூயார்க் நகரம் வெடிக்கப் போகுது. அந்தக் குண்டு வேற யாருமில்லை, பீட்டரேதான். டெட்ங்கிற ஒருத்தர்கிட்டேருந்து அணுக்கதிர் சக்தி ஒட்டிக்கிட்டு, அதை அடக்கத் தெரியாம நிற்கிறார். கடைசிக் காட்சியில் கை ரெண்டும் தகதகன்னு எரியுது. “என்னைச் சுட்டுடு”ன்னு க்ளேர்கிட்ட கெஞ்சுறார். க்ளேரால முடியலை. அப்போ நேதன் வானத்திலிருந்து இறங்கி, தம்பியைக் கட்டிப்பிடிச்சு மேலே தூக்கிட்டுப் போறார். வானத்தில் வெடிக்குது. ஊர் பிழைக்குது.

அழகான காட்சி. ஆனால் நேதன் பக்கத்தில் நின்ன புண்ணியத்தில் பீட்டருக்கும் பறக்கத் தெரியும். முதல் சில எபிசோட்களிலேயே தரையை விட்டு மேலே மிதக்கிறார். பார்த்துட்டிருந்த நமக்கு அது மறக்கலை. எழுதினவங்களுக்கு மறந்துடுச்சா?

ரசிகர்கள் சொன்ன சமாதானங்கள் மோசமில்லை. பீட்டருக்கு ஒரு சக்தி வரணும்னா, அது யாரிடமிருந்து வந்ததோ அவங்களை மனசுல நினைச்சு, அந்த உணர்ச்சியைப் பிடிக்கணும். க்ளாட்ங்கிற கண்ணுக்குத் தெரியாத மனிதர் அவருக்குப் பயிற்சி கொடுக்கிற எபிசோட்களில் இது வருது. உடம்பே குண்டா மாறிட்டிருக்கும்போது அமைதியா அண்ணனை நினைச்சுப் பறக்க முடியுமா? முடியாதுன்னு ஒரு கட்சி. “அவ்வளவு நேரம் க்ளேர்கிட்ட வசனம் பேச முடிஞ்சுதே, ரெண்டு செகண்ட் அண்ணனை நினைக்க முடியாதா?”ன்னு எதிர்க்கட்சி.

க்ளேர் சுட்டா பீட்டர் செத்துடுவாரேன்னு கேட்டா, அதுக்கும் கதையிலேயே பதில் இருக்கு. க்ளேரின் சக்தி பீட்டருக்கும் உண்டு. மண்டையின் பின்பக்கம் ஒரு இடத்தில் ஏதாவது குத்தி நின்னா மட்டும் ஆறாது. அதை உருவிட்டா எழுந்துடலாம். க்ளேர் பிரேதப் பரிசோதனை மேஜையில் கண் விழிச்சது அப்படித்தான். பீட்டர் தலையில் இறங்கின கண்ணாடித் துண்டை க்ளேர் உருவினதும் அவர் எழுந்ததும் இதே சீசனில்தான். அப்போ சுட்டுட்டு, ஆபத்து அடங்கினதும் குண்டை எடுத்துட்டா போதுமே? நேதன் வர வேண்டிய அவசியமே இல்லை.

என் கருத்து வேற. இது ஓட்டைதான், ஆனால் சீரிஸை மூழ்கடிச்ச ஓட்டை இது இல்லை. நேதன் அந்த சீசன் முழுக்க சுயநலவாதி. உலக மக்கள்தொகையில் 0.07 சதவீதம் பேர் செத்தாலும் மீதிப் பேருக்கு நம்பிக்கை பிறக்கும்னு லிண்டர்மேன் போடற கணக்குக்குத் தலையாட்டினவர். ‘.07%’னு ஒரு எபிசோடுக்குத் தலைப்பே உண்டு. அந்த ஆள் கடைசி நிமிஷத்தில் மனசு மாறி தம்பிக்காக வர்றார். பீட்டர் தானே பறந்து போயிருந்தா லாஜிக் சரியா இருந்திருக்கும், நேதன் கதை முடியாம தொங்கியிருக்கும். பீட்டர் ஒருமுறை எம்பிப் பார்த்து கீழே விழற மாதிரி அஞ்சு செகண்ட் ஷாட் வச்சிருந்தா இந்த விவாதமே கிடையாது. வைக்காதது சோம்பேறித்தனம்.

சரி, அப்போ உண்மையான பிரச்சினை எங்கே? பீட்டர், ஹிரோ இந்த ரெண்டு பேரோட சக்தியிலேயே இருக்கு. யோசிச்சுப் பாருங்க. ஒருத்தருக்கு எல்லாச் சக்தியும் வரும். இன்னொருத்தர் நேரத்தை நிறுத்தி, நினைச்ச வருஷத்துக்குப் போவார். எந்த வில்லன் வந்தாலும் ஒரு நிமிஷ வேலை. மீதி 40 நிமிஷத்துக்கு எழுத்தாளர் என்ன செய்வார்? ஹீரோவின் கையைக் கட்டணும், இல்லைன்னா அவரை முட்டாளாக்கணும். ‘ஹீரோஸ்’ ரெண்டையும் செஞ்சது. ரெண்டாவது சீசன்ல பீட்டருக்கு ஞாபகம் போச்சு. மூணாவதுல அப்பா ஆர்தர் வந்து அத்தனை சக்தியையும் உறிஞ்சிட்டார். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு சக்திதான்னு விதியை மாத்தினாங்க. ஹிரோவை ரெண்டாவது சீசன்ல 1671ஆம் வருஷத்து ஜப்பானுக்கு அனுப்பி, அங்கேயே பல வாரம் உட்கார வச்சாங்க. மூணாவதுல அவர் மனசு பத்து வயசுப் பையன் மனசாச்சு. நாலாவதுல மூளையில் கட்டி. தனித்தனியாப் பார்த்தா எல்லாம் கதைத் திருப்பம். வரிசையா வச்சா, ஹீரோகிட்டேருந்து எழுத்தாளர்கள் ஓடி ஒளியறது தெரியும்.

இதுக்குப் பழைய மருந்து ஒண்ணு உண்டு: சக்தியோடவே ஒரு எல்லையையும் கொடுத்துடறது. சூப்பர்மேனை வீழ்த்தற கிரிப்டோனைட் முதன்முதலா வந்தது காமிக்ஸில்கூட இல்லை, 1943இல் வானொலித் தொடரில். நம்ம ஊர்ல இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த பிரிட்டிஷ் கதை அது. வீட்ல அப்பாவைக் கேட்டா கண்ணு மின்னப் பேசுவார். மாயாவி மறையணும்னா உடம்பில் மின்சாரம் பாயணும். மறைஞ்சாலும் அந்த இரும்புக்கை மட்டும் வெளியே தெரியும். ஒரே விதிதான். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் “பிளக் கிடைக்குமா, கையை எவனாவது பார்த்துடுவானா?”ன்னு பதறலாம்.

‘ஹீரோஸ்’லயும் இப்படி ஒரு நல்ல இடம் இருக்கு. மூணாவது சீசன் தொடக்கத்தில் ஹிரோ நேரத்தை நிறுத்துறார். எல்லாரும் உறைஞ்சு நிற்கிறாங்க, டாஃப்னிங்கிற அதிவேகப் பெண் மட்டும் சாதாரணமா நடந்து வந்து பொருளைத் திருடறா. அவளோட வேகம் அவ்வளவு. ரெண்டு சக்தி மோதும்போது என்ன ஆகும்னு யாரோ உட்கார்ந்து யோசிச்சிருக்காங்க! அதே எபிசோடில் இன்னொரு பழைய விவாதமும் முடிஞ்சுது. சைலர் மூளையைத் தின்கிறாரான்னு ரசிகர்கள் ரெண்டு வருஷம் அடிச்சுக்கிட்டாங்க. க்ளேர் நேராவே கேட்கிறா, சைலர் முகம் சுளிக்கிறார். மூளையைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறதுதான் அவர் சக்தி.

அடுத்தது ரத்தம். எனக்கு ரொம்ப எரிச்சல் தந்த விஷயம் இதுதான். ரெண்டாவது சீசன்ல க்ளேரின் வளர்ப்பு அப்பா நோவா பென்னட்டைக் கண்ணில் சுட்டுடறாங்க. அவர் சாவை ஐசக்கோட ஓவியம் முன்னாடியே சொல்லிட்டதால, பல வாரம் பதறிக் காத்திருந்து பார்த்த காட்சி. கொஞ்ச நேரத்தில் க்ளேரின் ரத்தத்தை ஏத்தி எழுப்பிட்டாங்க. வானத்தில் வெடிச்சதில் கருகின நேதனும், காயம் ஆறும் சக்தி கொண்ட ஆடமோட ரத்தத்தால்தான் பிழைச்சதா தெரிய வருது. சரி, அப்போ இனிமே யார் செத்தாலும் “க்ளேரைக் கூப்பிடு”ன்னு நாம கத்துவோமா, மாட்டோமா? அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு மரணத்துக்கும் பக்கத்தில் இந்தக் கேள்வி நிற்குது. பீட்டர் பறக்காதது ஒரு காட்சியைத்தான் கெடுத்துச்சு. இந்த ரத்தம் பின்னாடி வர்ற எல்லாச் சாவையும் மலிவாக்கிடுச்சு.

நோவாவைச் சுட்டது யாருன்னு சொல்லலையே. நம்ம மெட்ராஸ் வாத்தியார்! டாக்டர் மொஹிந்தர் சுரேஷ், மரபணு விஞ்ஞானி. முதல் எபிசோடில் மெட்ராஸ்ல பாடம் நடத்திட்டிருக்கிறவரா அறிமுகமாகிறார். நடிச்சவர் செந்தில் ராமமூர்த்தி. நடிகர் பேர் ராமமூர்த்தி, பாத்திரத்தின் பேர் பஞ்சாபி வாடை அடிக்கிற மொஹிந்தர். தமிழ் ரசிகர்களுக்கு முதல் ஓட்டை அங்கேயே ஆரம்பம். அப்பா சந்திரா சுரேஷ், மகன் மொஹிந்தர் சுரேஷ். நம்ம வழக்கப்படி மகன் ‘சி. மொஹிந்தர்’னு இருக்கணும். தாத்தா பேர் சுரேஷ், அதையே குடும்பப் பேரா வச்சுக்கிட்டாங்கன்னு வேணும்னா சமாதானம் சொல்லிக்கலாம். இதெல்லாம் செல்லச் சண்டை.

பெரிய சண்டை அவரோட குணம் பத்தி. அப்பாவைக் கொன்னது யார்னு தேடி நியூயார்க் போய், அப்பா ஓட்டின டாக்சியையே ஓட்டினவர். ரெண்டாவது சீசன்ல நோவாவோடு சேர்ந்து ‘தி கம்பெனி’யை உள்ளிருந்தே கவிழ்க்கத் திட்டம் போட்டவர், அதே நோவாவைச் சுடறார். பல பேர் இதைத் துரோகம்னு திட்டினாங்க. நான் மொஹிந்தர் பக்கம். நோவா அப்போ இன்னொருத்தரைக் கொல்லத் துப்பாக்கியோட நிற்கிறார், மகளுக்காக எதையும் செய்யற வெறியில் இருக்கார். கொலையைத் தடுக்க நினைக்கிற, துப்பாக்கி பிடிச்சுப் பழக்கமில்லாத ஒருத்தர் பதட்டத்தில் சுடறது நடக்கக்கூடியதுதான்.

மூணாவது சீசனைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை. தனக்கும் சக்தி வேணும்னு தானே ஊசி போட்டுக்கிறார். தோல் செதில் செதிலா மாறுது. ஆட்களைக் கடத்தி கூட்டுப்புழு மாதிரி சுவரில் ஒட்டி வைக்கிறார். ஊசி போட்டுக்கிற வரைக்கும் நம்பலாம். சக்தி உள்ளவங்களையே ஆராய்ஞ்சு, தான் மட்டும் வெறும் ஆளா நிற்கிற பொறாமை அவருக்குள்ள இருந்திருக்கும். ஆனால் அந்த ஏக்கத்தை முந்தின ரெண்டு சீசன்ல யாரும் விதைக்கவே இல்லை. விஞ்ஞானி தேவைப்பட்டப்போ விஞ்ஞானி, அரக்கன் தேவைப்பட்டப்போ அரக்கன். லாஜிக் ஓட்டையை ரசிகன் தன் கற்பனையால் அடைச்சுக்குவான், ‘தாத்தா பேர் சுரேஷ்’ மாதிரி. ஆளே மாறிட்டா எதை வச்சு அடைக்கிறது?

கடைசியா கெய்ட்லின். பேர் ஞாபகம் இல்லைன்னா ஆச்சரியமில்லை, எழுதினவங்களுக்கே இல்லை. ரெண்டாவது சீசன்ல ஞாபகம் இழந்த பீட்டர் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் கிடக்கும்போது அடைக்கலம் தந்த பெண். பீட்டரைத் தேடி வந்தவளால அவளோட அண்ணன் கொல்லப்படறான். அப்புறம் பீட்டர் தெரியாத்தனமா அவளையும் கூட்டிக்கிட்டு எதிர்காலத்துக்குத் தாவிடறார். அங்கே நியூயார்க் காலியா இருக்கு, வைரஸ் உலகத்தையே அழிச்சிருக்கு. பாதுகாப்பு உடை போட்டவங்க கெய்ட்லினைப் பிரிச்சு இழுத்துட்டுப் போறாங்க. பீட்டர் மட்டும் நிகழ்காலத்துக்குத் திரும்பறார்.

அவளைக் காப்பாத்தணும்னு கொஞ்ச நாள் துடிக்கிறார். அதுக்குள்ள நிஜ உலகத்தில் ஒண்ணு நடந்துச்சு. 2007 நவம்பர் 5ஆம் தேதி அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினாங்க. 2008 பிப்ரவரி வரைக்கும் போச்சு. நியாயமான போராட்டம், இணையத்தில் ஓடற அவங்க படைப்புக்குப் பங்கு கேட்டாங்க. ஆனால் 24 எபிசோடுக்குத் திட்டமிட்ட சீசன் 11லேயே நின்னுடுச்சு. வைரஸ் பரவற கதை அடுத்து வர வேண்டியது. அதை விட்டுட்டு முடிவை மாத்தினாங்க. டிசம்பர் 3ஆம் தேதி ஒளிபரப்பான எபிசோடில் வைரஸ் குப்பியைப் பீட்டர் பிடிச்சு அழிச்சிடறார். குப்பி உடையற மாற்று முடிவு டிவிடியில் இருக்கு.

வைரஸ் பரவலைன்னா அந்த எதிர்காலம் இல்லை. அந்த எதிர்காலம் இல்லைன்னா அதில் மாட்டிக்கிட்ட கெய்ட்லின் எங்கே? அழிஞ்சாளா, இன்னும் அங்கேயே இருக்காளா? இதுக்கு ரசிகர்கள் எவ்வளவோ கோட்பாடு எழுதினாங்க. காலப்பயணக் குழப்பத்தைவிட எனக்கு உறுத்தறது வேற. பீட்டர்ங்கிறவர் நர்ஸ் வேலை பார்த்தவர், அடுத்தவங்க வலியைத் தாங்க முடியாதவர். அவர் சக்தியே அந்த இளகின மனசிலிருந்துதான் வருது. அப்படிப்பட்டவர் தன்னால அண்ணனையும் ஊரையும் இழந்த ஒரு பெண்ணை மறந்துடுவாரா? “தேடினேன், வழியில்லை”ன்னு ஒரு வசனம் போதும். மூணாவது சீசன் 25 எபிசோட் ஓடுச்சு, அவளைத் தேடிப் போற காட்சி ஒண்ணுகூட இல்லை.

2010 பிப்ரவரியில் நாலாவது சீசனோடு கடை மூடிட்டாங்க. 2015இல் ‘ஹீரோஸ் ரீபார்ன்’னு 13 எபிசோட் எடுத்தாங்க. நோவா வந்தார், ஹிரோ வந்தார், மொஹிந்தர்கூட வந்தார். பீட்டர் வரவே இல்லை. வந்திருந்தா முதல் கேள்வி என்னவா இருந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும்.